யார் கை எழுதிய பிழை

அமெரிக்காவுக்கு வந்திறங்கியவர்களுக்கு விசாதான் பெரிது. ஆனால் விசாவின் வேலை வாசலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே எதுவரை இருக்கலாம் என்பதை ஐ-94 என்ற பதிவுதான் சொல்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோரின் விசா பத்து வருடத்துக்கு இருக்கும். ஐ-94 வழக்கமாக ஆறு மாதம்தான் தரும். 2013 வரை இது பாஸ்போர்ட்டில் பின் அடித்துக் கொடுக்கிற சின்ன அட்டை. அதன்பிறகு விமானத்தில் வருகிறவர்களுக்கு அட்டை கிடையாது. கவுன்டரில் அதிகாரி கணினியில் தட்டுவதுதான் பதிவு. நாமாக இணையத்தில் போய் எடுத்துப் பார்த்தால்தான் என்ன தட்டினார் என்று தெரியும். பலர் பார்ப்பதில்லை. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போன இடத்திலோ கம்பெனி மாறும்போதோ வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

நியூஜெர்சியில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். மனு தயாரிப்பதைவிட, ஆட்கள் வந்து சேர்ந்தபிறகு காகிதத்தில் முளைக்கும் பிழைகளோடுதான் என் பொழுது அதிகம் போகிறது. "அக்கா, ஐ-94ல தப்பா வந்துடுச்சு, எங்க போய் மாத்தறது?" என்றுதான் போன் வரும். நான் திருப்பிக் கேட்பது, "விசாவுல எப்படி இருக்கு தம்பி? ஐ-797ல?" பாஸ்போர்ட், டிஎஸ்-160 விண்ணப்பம், கம்பெனி போட்ட பெட்டிஷன், அதன் ஒப்புதலான ஐ-797, விசா, கடைசியில் விமான நிலையக் கவுன்டர் என்று ஒரு பெயர் பல கை மாறி வருகிறது. முதன்முதலில் எந்தத் தாளில் கோணியது என்று கண்டுபிடிப்பதில்தான் இந்த வேலையின் முக்கால்வாசி இருக்கிறது.

கவுன்டரில் கோணியிருந்தால், அங்கே உட்காரும் அதிகாரிகளின் துறையான சிபிபி திருத்தும். அதற்கென்று டெஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகங்கள் உண்டு. எந்த ஊரில் இறங்கினோமோ அங்கேயே போக வேண்டியதில்லை; அபுதாபியிலேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை முடித்து ஏறியவர்கூட இங்கே பக்கத்தில் இருக்கும் அலுவலகத்தை அணுகலாம். ஐ-797இன் அடியிலேயே ஐ-94 அச்சாகி வந்திருந்தால் அது மனுக்களைப் பரிசீலிக்கும் துறையான யுஎஸ்சிஐஎஸ் கொடுத்தது, விமான நிலையத்து ஆட்கள் அதைத் தொடமாட்டார்கள். விசாவில் அச்சுப்பிழை என்றால் அதைக் கொடுத்த தூதரகம்தான் பொறுப்பு. தவறான கதவைத் தட்டினால் திருப்பி அனுப்பிவிடுவது அதிர்ஷ்டம். சில சமயம் ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்.

பெயர் என்றாலே நம் ஊர்க்காரர்களுக்குத் தனி அத்தியாயம். முருகன் என்ற ஒற்றைப் பெயர், முன்னால் அப்பாவின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. எனவே இருக்கிற பெயரைக் குடும்பப்பெயராக்கி, முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கு அடையாளமாக எஃப்என்யு என்று போட்டுவிடுகிறார்கள். ஐ-94இல், லைசென்ஸில், வங்கி அட்டையில் எல்லாம் எஃப்என்யு முருகன். மருந்துக்கடையில் "ஃப்னு" என்று கூப்பிட்டால் எழுந்து போகப் பழகிவிட்டதாக ஒருவர் சொன்னார். அவர் மனைவிக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. இதைத் திருத்தச் சொல்லி விமான நிலைய அலுவலகத்துக்கு எழுதுவது வீண். அவர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். இந்தியத் தூதரகத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பிப் புதுப் பாஸ்போர்ட் வாங்கி, அடுத்த விசாவில் சரிசெய்துகொள்ள வேண்டும். அதுவரை பிடிக்கிறதோ இல்லையோ எல்லா இடத்திலும் ஃப்னுவாகவே இருப்பது நல்லது. அவசரப்பட்டு ஒரு தாளில் மட்டும் மாற்றினால், லைசென்ஸ் அலுவலகம் சேவ் என்ற மத்திய அரசு முறையில் சரிபார்க்கும்போது பொருந்தாமல் நின்றுவிடும்.

தேதிப் பிரச்சினை இன்னும் நுணுக்கமானது. வேலைக்கான எச்-1பி ஒப்புதல் மூன்று வருடத்துக்கு இருக்கிறது, ஐ-94 ஒரு வருடத்தில் முடிகிறது என்று பதறிக்கொண்டு வருவார்கள். பாஸ்போர்ட்டைப் புரட்டினால் அதே ஒரு வருடத்தில் அதுவும் காலாவதி. அதிகாரி வேண்டுமென்றேதான் அந்தத் தேதியை வைத்திருக்கிறார். இது பிழையே அல்ல என்பதை ஏற்கவைக்க எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். புதுப் பாஸ்போர்ட் எடுத்து, அந்தத் தேதிக்குள் வெளியே போய்த் திரும்பி வரலாம். அல்லது இங்கிருந்தே நீட்டிப்பு மனு போடலாம். புதுப் பாஸ்போர்ட் வந்தவுடன் தேதி தானாக நீண்டுவிடும் என்று இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உண்மையான பிழை வேறு. ஒருவருக்குப் பழைய விசா இன்னும் செல்லும், நீட்டிப்புக்குப் புது ஐ-797 கையில் இருக்கிறது. கவுன்டரில் அதைக் காட்டவில்லை, அதிகாரி விசாவில் இருந்த பழைய தேதியை எழுதிவிட்டார். இவரோ வீட்டுக்கு வந்து ஐ-797ஐ மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்கிறார். பொதுவாகக் கடைசியாகக் கொடுத்த ஐ-94தான் செல்லும். அந்தத் தேதி தாண்டி 180 நாளுக்கு மேல் சட்டவிரோத இருப்பாகக் கணக்கானபின் வெளியே போனால் மூன்று வருடம் திரும்ப வர முடியாது. ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்து வருடம். எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான எச்-4இல் வந்த குழந்தையைச் சுற்றுலா வகையான பி-2 என்று பதிவதும் இந்த வகைதான். இவற்றையெல்லாம் சீக்கிரம் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் திருத்திக் கொடுத்துவிடுகிறார்கள்.

நமக்குச் சாதகமான பிழையைப் பற்றி யாரும் போன் செய்வதில்லை. பெட்டிஷன் இந்த வருடம் முடிகிறது, ஐ-94 அடுத்த வருடம்வரை காட்டுகிறது. கொடுத்ததை எதற்குக் கிளறுவது என்று இருந்துவிடுகிறார்கள். வேலை செய்யும் அனுமதி பெட்டிஷனோடு முடிந்துவிடும் என்பதை அந்தத் தேதி மறைத்துவிடுகிறது. குறைந்துபோன தேதியைவிட இந்தக் கூடுதல் தேதிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

திருத்தம் கேட்டு எழுதுகிற மின்னஞ்சலில் கதை கூடாது. பதிவில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், எதை வைத்துச் சொல்கிறேன், மூன்று வரி. பாஸ்போர்ட் முதல் பக்கம், விசா, ஐ-797, தவறான ஐ-94, நான்கையும் இணைத்தால் போதும். பதினாறு மணி நேரப் பயணக் களைப்பு, அழுத குழந்தை, அதிகாரியின் முகபாவம் எல்லாம் முதல் வரைவில் வந்துவிடும். நான் அடித்துவிட்டு அனுப்புவேன். அதிகாரி தவறு செய்தார் என்ற வாக்கியத்தையும் சேர்த்துத்தான். திருத்துகிறவரும் அதே சீருடைதான் போட்டிருக்கிறார்.

பதில் வந்ததும் புதுப் பதிவை இறக்கிக் கம்பெனியின் எச்ஆருக்கு ஒரு பிரதி கொடுக்கச் சொல்வேன். பழைய தவறான தாளை எறிந்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அந்த மின்னஞ்சலோடு சேர்த்து வையுங்கள் என்பேன். ஐ-94 எடுக்கிற இணையதளம் கடைசி ஐ-94ஐத்தான் கொடுக்கும். அடுத்த பயணத்தோடு இது அங்கிருந்து போய்விடும். கிரீன் கார்டு மனு போடும்போது எங்கள் வழக்கறிஞர் எல்லாப் பயணத்தின் ஐ-94ஐயும் கேட்பார்.