பால் சேரவில்லை

‘சேர்’ என்னும் வினைக்குத் தமிழ் வீடுகளில் உடல்நலத்தோடு ஒட்டிய ஒரு பொருள் உண்டு. சிலருக்குக் கத்தரிக்காய் சேராது. சிலருக்குப் புது ஊர்த் தண்ணீர் சேராது. இந்த வினையில் குற்றவாளி இல்லை. காயும் நல்லது, உடம்பும் நல்லது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே செய்தி. நோயின் பெயர் இதில் இல்லை. உறவு ஒன்று சரியாக அமையவில்லை என்னும் கவனிப்பு மட்டுமே இருக்கிறது. இந்தக் கவனிப்பு வேற்றுமொழிக்குச் செல்லும்போது நோயின் பெயராக மாறிவிடுவதுண்டு. அம்மாற்றத்தின் விலையைச் சில வேளைகளில் ஒரு கைக்குழந்தை கொடுக்க நேர்கிறது.

தாராவியில் ஐந்து வாரப் பெண்குழந்தை ஒன்று மாலை ஆறு மணிக்கு அழத் தொடங்கினால் பத்து மணி வரை ஓய்வதில்லை. முழங்கால்களை வயிற்றோடு மடக்கும், முகம் சிவக்கும், காற்றுப் பிரிந்தால் சற்று அடங்கி மீண்டும் வீறிடும். குடித்த பாலில் சிறிது கக்கும். மலம் பச்சையாகவும் நுரையாகவும் போயிற்று. கன்னங்களில் மெல்லிய செம்மை படர்ந்திருந்தது. குழந்தையின் தாய் தாராவியிலேயே பிறந்து, மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். அவருடைய பாட்டனார் தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். பேறுகாலத்துக்குத் துணையாக ஊரிலிருந்து வந்திருந்த ஆச்சி மூன்று நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளைக்குப் பால் சேரல.”

ஆச்சியிடம் இதற்கு மேலும் சொற்கள் இருந்தன. சித்த மருத்துவத்தின் பாலவாகட மரபு குழந்தைகளின் செரிமானக் கோளாறுகளை மாந்தம் என்னும் தலைப்பில் தொகுக்கிறது. பால் மாந்தம், செரியா மாந்தம், ஊது மாந்தம், வலி மாந்தம் என அதில் பல வகைகள் உண்டு. மலத்தின் நிறம், வாடை, வயிற்றின் உப்பல், அழுகையின் நேரம் ஆகியவற்றைக் கூர்ந்து பார்த்தே பெயர் இடுவர். ஆச்சியின் கண்ணும் அப்படியே வேலை செய்தது. எந்த வேளைப் பாலுக்குப் பின் குழந்தை முறுக்குகிறது, எந்தப் பக்கம் குடித்த பின் நுரைக்கிறது என்பதை அவரால் சொல்ல முடிந்தது.

கவனிப்பு நுட்பமானது என்பதால் மருந்தும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. மாட்டுங்காவின் தென்னிந்தியக் கடைத்தெருவிலிருந்து வசம்பும் சாதிக்காயும் மாசிக்காயும் கடுக்காயும் வந்தன. சுட்ட வசம்பைக் கல்லில் உரைத்து நாவில் தடவுவது பழைய வழக்கம். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே வசம்புக்குப் பெயர் உண்டு. ஆனால் அதில் உள்ள பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் விலங்குச் சோதனைகளில் புற்றுநோயைத் தூண்டியதால், அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. உரைக்கும் கல்லும் குழைக்கும் நீரும் தூய்மையாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வேறு வந்து சேரும். அடுத்துக் குழந்தையின் தந்தை கிரைப் வாட்டர் வாங்கி வந்தார். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்னும் மருந்தாளர் 1851இல் உருவாக்கிய கலவை அது. அதன் பழைய செய்முறையில் ஆல்கஹாலும் சர்க்கரையும் இருந்தன. ஆல்கஹால் பிற்காலத்தில் நீக்கப்பட்டது. இன்று விற்கும் கிரைப் வாட்டர் குழந்தையின் அழுகையைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர நீரும் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஆறாம் வாரத்தில் தாய் செம்பூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவரிடம் குழந்தையைக் கொண்டுசென்றார். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. தாய் ஆச்சியின் தொடரை மும்பை இந்தியில் பெயர்த்தார்: “தூத் பச்தா நஹீ.” பால் செரிப்பதில்லை என்பது இதன் பொருள். தமிழ்த் தொடரில் இருந்த பொருந்தாமை இந்தியில் செரிமானக் குறைவாயிற்று. இன்னொன்றும் வழியில் தொலைந்தது. ஆச்சியின் வாயில் அடைமொழியின்றி வரும் ‘பால்’ தாய்ப்பால்தான். பிற பாலுக்குப் பசும்பால், புட்டிப்பால், பவுடர் பால் எனத் தனிப் பெயர்கள் உண்டு. இந்தியிலும் தாய்ப்பால் அல்லாததை ‘ஊபர் கா தூத்’ என்று பிரித்துச் சொல்ல வழியுண்டு. மராட்டியிலும் அதற்கு நிகரான சொல் இருக்கிறது. ஆனால் எந்தப் பால் என்று அங்கு யாரும் கேட்கவில்லை. சில நிமிடங்களில் சீட்டு எழுதப்பட்டது: தாய்ப்பாலை நிறுத்தி, லாக்டோஸ் நீக்கிய பால்மாவு கொடுக்க வேண்டும்.

இவ்விடத்தில் மூன்று வேறு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, லாக்டோஸ் செரியாமை. பாலின் சர்க்கரையாகிய லாக்டோஸைச் சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி உடைக்கிறது. தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் உண்டு. பசும்பாலிலும் எருமைப்பாலிலும் அது 5 கிராம் அளவே. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தைகள் மிக மிக அரியவர்கள். அத்தகைய குழந்தைக்குப் பிறந்த சில நாளிலேயே கடும் நீர்ப்போக்கு ஏற்பட்டு எடை குறையும். தென்னிந்தியப் பெரியவர்கள் பலருக்குப் பால் குடித்தால் வயிறு உப்புவது உண்மை. அது குழந்தைப் பருவம் கடந்தபின் லாக்டேஸ் சுரப்பு குறைவதால் வருவது. பெரியவரின் அந்த இயல்பை ஆறு வாரக் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது. வயிற்றுப்போக்கு நோய்க்குப் பின் குடலின் உட்சுவர் புண்பட்டுச் சில வாரங்களுக்கு லாக்டேஸ் குறைவதும் உண்டு. அது தற்காலிகமானது, அப்போதும் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

இரண்டாவது, பசும்பால் புரத ஒவ்வாமை. இதில் சிக்கல் சர்க்கரையில் இல்லை, புரதத்தில் இருக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் அப்புரதத்தைப் பகையாகக் கொள்கிறது. மலத்தில் இரத்தம் அல்லது சளி, தோலில் கரப்பான், தொடர் வாந்தி, எடை ஏறாமை ஆகியன இதன் குறிகள். தாய் உண்ணும் பால்பொருள்களின் புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலுக்கு வரக்கூடும். அதனால் தாய் பால்பொருள்களை விட்டுப் பார்ப்பது பயன் தரலாம். லாக்டோஸ் நிலை வேறு: அதைத் தாயின் மார்பகமே உண்டாக்குகிறது, தாய் எத்தனை நாள் பாலைத் துறந்தாலும் தாய்ப்பாலின் லாக்டோஸ் குறையாது. ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்று அண்டை வீட்டார் சொல்வதும் இங்கு உதவாது. ஆட்டுப்பால், எருமைப்பால் புரதங்கள் பசும்பால் புரதத்தை மிகவும் ஒத்தவை. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு மற்றவையும் ஆகா.

மூன்றாவது, நோயே இல்லாத அழுகை. மருத்துவம் இதைக் காலிக் என்கிறது. நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் என்னும் வரையறையை வெசல் என்பவரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1954இல் வகுத்தனர். இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரத்தையொட்டி உச்சத்துக்குச் சென்று, மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்குவது இதன் இயல்பு.

தமிழ் மருத்துவக் கலைச்சொற்கள் இந்தப் பிரிவினையில் போதிய துணை செய்வதில்லை. அலர்ஜிக்கு ‘ஒவ்வாமை’ என்று சொல் வகுத்தோம். பின்னர் லாக்டோஸ் செரியாமையையும் ‘லாக்டோஸ் ஒவ்வாமை’ என்றே இதழ்கள் எழுதத் தொடங்கின. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வினையும் நொதிக் குறைவும் ஒரே சொல்லில் அடைபட்டன. முன்னதில் சிறு துளியும் தீங்கு செய்யலாம். பின்னது அளவைப் பொறுத்தது.

பால்மாவுக்கு மாறுவது தாராவியில் எளிய மாற்றம் அன்று. குழாயில் நீர் வரும் நேரம் குறைவு. நீர் டிரம்களில் தேங்கி நிற்கும். புட்டியை ஒவ்வொரு முறையும் கொதிக்க வைக்க வேண்டும். மாவு விரைவில் தீராதிருக்க நீரைக் கூட்டிக் கலக்கும் ஆசை வரும். மழைக்காலத்தில் இவை வயிற்றுப்போக்குக்கு நேர்வழி. பால்மாவும் புட்டியும் விளம்பரம் செய்யப்படுவதையும், அவற்றைப் பரிந்துரைக்க மருத்துவத் துறையினருக்குச் சலுகை தருவதையும் இந்தியா 1992ஆம் ஆண்டின் சட்டத்தால் தடைசெய்து, 2003இல் அதை மேலும் இறுக்கியது இக்காரணங்களால்தான்.

தாராவியை ஒட்டியே சயான் மருத்துவமனை என்று மக்கள் வழங்கும் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை இருக்கிறது. அங்குக் குழந்தை மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தாய்ப்பால் வங்கி ஒன்றைத் தொடங்கினார்; ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி அது. தாய்மார் கொடையாகத் தரும் பால் சூடாக்கித் தூய்மை செய்யப்பட்டு, குறைமாதக் குழந்தைகளுக்குத் துளித்துளியாக ஊட்டப்படுகிறது. அங்கு அத்தனை அருமையாகச் சேர்த்து வைக்கப்படும் பொருளைத்தான், சற்றுத் தொலைவில் ஒரு தாய் தம் குழந்தைக்கு நஞ்சு என்று எண்ணத் தொடங்கியிருந்தார்.

பால்மாவு டப்பாவைத் திறக்குமுன், தடுப்பூசிக்காகக் குழந்தையைக் கொண்டுசென்ற இடத்தில் தமிழ் அறிந்த செவிலியர் ஒருவர் முதலில் எடை பார்த்தார். பிறந்தது முதல் நாளொன்றுக்குச் சராசரியாக 30 கிராம் ஏறியிருந்தது. இவ்வயதில் 20 முதல் 30 கிராம் என்பதே எதிர்பார்க்கும் அளவு. பிறகு கேள்விகள் கேட்டார். மலத்தில் இரத்தம் உண்டா? வாந்தி பச்சை நிறமா? காய்ச்சல் உண்டா? நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது? ஆச்சியும் உடன் இருந்ததால் விடைகள் துல்லியமாக வந்தன. ஒரு பக்கம் முழுதும் குடித்து முடிக்குமுன் மறுபக்கம் மாற்றுவதால் நுரை மலம் வருகிறது என்பதும் ஆச்சியின் விடையிலிருந்தே தெரிந்தது. முதலில் வரும் பால் கொழுப்புக் குறைந்து நீர்த்திருக்கும். அது மிகுந்தால் லாக்டோஸ் விரைந்து பெருங்குடலை அடைந்து காற்றையும் நுரையையும் உண்டாக்கும். கொடுக்கும் முறையைத் திருத்தினால் போதும். நோய் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

கன்னச் செம்மையால் ஐயம் சிறிது எஞ்சியது. ஆகவே அங்கிருந்த மருத்துவர் ஒரு சோதனை சொன்னார்: தாய்ப்பால் தொடர வேண்டும், தாய் இரண்டு வாரம் பால், தயிர், மோர், பன்னீர், பால் கலந்த ரொட்டி, பிஸ்கட் அனைத்தையும் விட வேண்டும், பின்னர் மீண்டும் உண்டு பார்க்க வேண்டும். தாய் கடுந்தேநீருக்கு மாறினார். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் கீரையும் முள்ளோடு உண்ணும் சிறுமீனும் வந்தன.

இரண்டு வாரத்தில் அழுகை நான்கு மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. வசம்பு வேலை செய்தது என்றார் ஆச்சி. கிரைப் வாட்டர் என்றார் தந்தை. பாலை விட்டதால் என்றார் தாய். இங்கே நின்றிருந்தால் குழந்தைக்கு ஒவ்வாமை என்று முடிவாகி, தாயின் உணவும் பின்னர்க் குழந்தையின் உணவும் ஆண்டுக்கணக்கில் சுருங்கியிருக்கும். சோதனையின் இரண்டாம் பாதியைப் பலர் செய்வதில்லை, இவர் செய்தார். மூன்றாம் வாரம் தயிரும் பால் சேர்த்த தேநீரும் திரும்பின. எதுவும் நிகழவில்லை. கன்னத்துச் செம்மை ஏற்கெனவே மறைந்திருந்தது. அழுகை தொடர்ந்து குறைந்தது. குழந்தைக்கு அப்போது பத்து வாரம். ஆறாம் வாரத்தில் எதைக் கொடுத்தாலும் பன்னிரண்டாம் வாரத்தில் அது வென்றதாகவே தோன்றும். உரைமருந்துக்கும் கிரைப் வாட்டருக்கும் லாக்டோஸ் இல்லாத மாவுக்கும் தலைமுறைதோறும் கிடைக்கும் புகழில் பெரும்பங்கு நாட்காட்டிக்கு உரியது.

அதுவரை மாலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஒற்றை அறை வீட்டில் சுவர்கள் மெலிந்தவை. அழுகை பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். ஆச்சி குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகை நீவினார். பால் குடித்த பின் தோளில் சாய்த்து ஏப்பம் வரச் செய்தார். ஒருவர் கை ஓயும்போது மற்றவர் வாங்கினர். எதிர்வீட்டு மராட்டிய அம்மையார் தினமும் அரைமணி நேரம் குழந்தையை வாங்கிச் சந்தில் உலாவினார். பொறுமை எல்லை மீறும் வேளையில் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் வெளியே போய் நிற்பது பிழையன்று. எரிச்சலில் குழந்தையைக் குலுக்குவது உயிருக்கே தீங்கு. இதைச் செவிலியர் தந்தையிடம் தனியாகவும் சொன்னார்.

மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, காய்ச்சல், எடை ஏறாமை, பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவை எதுவும் இல்லாத குழந்தையின் வீட்டாரிடம் கேட்க வேண்டியது நோயின் பெயரை அன்று. எந்தப் பால், எப்போது, எவ்வளவு, மலம் எந்நிறம் என்பன போன்ற சிறு கேள்விகளே போதும். அவற்றுக்கு விடை தரும் சொற்கள் ஆச்சிமாரிடம் நிறைய இருக்கின்றன. பன்மொழி நகரத்தின் மருத்துவமனைகளில் தமிழ்த் தாய்மாரிடம் கேட்பதற்கான பத்துக் கேள்விகளை அச்சொற்களிலேயே எழுதி, இந்தி, மராட்டி இணைகளோடு ஒரே தாளில் தருவது மொழியியல் துறைகளால் இயலும் பணி.