வர்ணம் பூசாத குதிரைப்படை

ஒரு வேலை எப்போது "முடிஞ்சது" என்று சொல்வது? லேத்தில் கடைந்த ஜாப் என்றால் வெர்னியர் சொல்லிவிடும். டிராயிங் ஷீட் என்றால் சார் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் ஒரு படை எப்போது முடிகிறது? சிரிக்காதீங்க. போன வருஷம் நம் ஹாஸ்டலில் மூன்று வாரம் நடந்த பெரிய சண்டையே இந்தக் கேள்விக்காகத்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேஜை மேல் சின்னச் சின்னப் போர்வீரர் பொம்மைகளை நிறுத்தி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, தாயம் உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு ஒன்று உண்டு. நம்ம சதுரங்கத்துக்குப் பேரன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரங்கத்தில் கட்டம் இருக்கும். இதில் கட்டம் கிடையாது. அதற்குப் பதிலாக மேடு, பள்ளம், ஏரி, கோட்டை எல்லாம் உண்டு. 1824-ல் பிரஷ்ய ராணுவமே தன் அதிகாரிகளைப் பழக்குவதற்கு இப்படி ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. அதில் படை என்பது வெறும் சின்னக் கட்டைகள். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். அவ்வளவுதான்.

நம் பசங்களில் ஒருத்தன் இதை வீடியோவில் பார்த்துவிட்டு, "மச்சான், நாமும் ஆடலாம்டா" என்றான். எந்தப் போரை ஆடுவது? செஞ்சிக்காரன் ஒருத்தன் அறையில் இருக்கும்போது வேறு எந்தப் போரை எடுக்க முடியும்? 1714-ல் தேசிங்கு ராஜா, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சில நூறு பேரோடு எதிர்த்து உயிரை விட்ட போர்! தேசிங்குக்கு அப்போது 22 வயசுதான் என்பார்கள். நம்மைவிட மூணு நாலு வயசு பெரியவர். அந்தச் செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியக் கோட்டைகளோடு சேர்ந்தபோது, எங்கள் செஞ்சிக்காரன் ஹாஸ்டல் முழுக்க மிட்டாய் கொடுத்தான்.

பொம்மை செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. காரணம், பனமலைப் பக்கம் எங்கள் வீடு மண் வேலை செய்கிற வீடு. தாத்தா காலத்தில் சட்டி பானையோடு அய்யனார் குதிரையும் செய்தார்கள். ஏரி மண்ணைப் பிசைந்து, கட்டைவிரல் உயரத்தில் தேசிங்குக்குப் பதினெட்டு குதிரை, நவாபுக்கு அறுபது என்று பிடித்தேன். பொங்கல் பானைகளோடு சேர்த்துச் சூளையில் வைத்துச் சுட்டு, பழைய துணியில் சுற்றி ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு டிராயிங் போர்டை ஒட்டிப் போட்டதும் போர்க்களம் தயார்.

முதல் ஆட்டத்தில் பத்தே நிமிஷத்தில் கலாட்டா. எல்லாக் குதிரையும் ஒரே செங்கல் சிவப்பு. "டேய், அது என் குதிரைடா!" "உன் குதிரையா? அது நவாப் குதிரைடா!" கடைசியில் நவாப் குதிரைகளின் கழுத்தில் நூல் கட்டினோம். வர்ணத்தின் முதல் வேலை அழகு இல்லை, அடையாளம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிரஷ்யாக்காரன் சிவப்பு நீலம் பூசினதும் அதற்குத்தானே!

ஆனால் சண்டை அதோடு நிற்கவில்லை. ஹாஸ்டல் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி, "வர்ணம் பூசாத பொம்மையை மேஜையில் வைக்கவே கூடாது. முகம், முண்டாசு, சேணம், கடிவாளம் எல்லாம் தனித்தனியாத் தெரியணும். இல்லேன்னா ஆட்டமே வேணாம்" என்றது. இன்னொரு கட்சி, "ஆட்டம்தான்டா முக்கியம். செமஸ்டர் வருது, எவன்டா எழுபத்தெட்டு குதிரைக்கு மீசை வரையறது?" என்றது. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இது நம் ஹாஸ்டல் சண்டை மட்டும் இல்லை என்பது, அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க நடக்கிற வழக்கு இது. எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று இந்த ஆட்டத்துக்கு விதிப் புத்தகம் எழுதினார். அவர் காலத்து ஈய வீரர்கள் கம்பெனியிலேயே வர்ணம் பூசிப் பெட்டியில் வந்தார்கள். காசு இருந்தால் வாங்கலாம், தூரிகை தேவையில்லை. 1950-களின் கடைசியில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி மலிவான பிளாஸ்டிக் வீரர்களைக் கொண்டுவந்தது. பெட்டி பெட்டியாகப் பையன்கள் வாங்கினார்கள். ஆனால் எல்லாம் ஒரே நிறம், வர்ணத்தை அவனவன்தான் பூசணும். அந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கிலோ எனாமல் பிடிக்காது. ஈட்டி கொஞ்சம் வளைந்தாலே பொரிந்து உதிரும். அப்படியும் பூசினார்கள்!

அதற்கப்புறம் ஸ்டாண்டர்ட் ஏற ஆரம்பித்தது. இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் கம்பெனி 1983-ல் 'வார்ஹாமர்' ஆட்டத்தை வெளியிட்டது. 1987-ல் வர்ணம் பூசுவதற்கென்றே 'கோல்டன் டீமன்' என்று போட்டி ஆரம்பித்தது. பத்திரிகையில் அந்தப் பொம்மைகளின் படத்தைப் பார்த்தவனுக்குத் தன் பொம்மை மேல் வெறுப்பு வந்தது. முதலில் ப்ரைமர், அப்புறம் அடி வர்ணம், பள்ளத்தில் நிழல் இறங்க வாஷ், மேட்டில் வெளிச்சம் தெரிய ட்ரைபிரஷ், கடைசியில் காலடியில் மண்ணும் புல்லும். ஒரு வீரனுக்கே ஒரு ராத்திரி போய்விடும். படைக்கோ நூறு வீரர்! அலமாரியில் வர்ணம் பூசாத சாம்பல் நிறப் படைகள் குவிந்தன. 2019-ல் ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் வருகிற 'கான்ட்ராஸ்ட்' வர்ணம் வந்தது. 2020-ல் வந்த 'வார்ஹாமர் 40,000' ஒன்பதாம் பதிப்பில், படை முழுக்க குறைந்தபட்ச அளவுக்கு வர்ணம் பூசியிருந்தால் 100-க்கு 10 மார்க் என்று விதியே போட்டுவிட்டார்கள். நம்ம இன்டர்னல் மார்க் மாதிரி!

இதையெல்லாம் படித்தபோது எனக்கு அந்த ஊர் நினைப்பே வரவில்லை. தாத்தா நினைப்புதான் வந்தது.

அய்யனாருக்கு நேர்ந்துகொண்டவர்கள் குதிரை சொல்ல வருவார்கள். தாத்தா மண்ணில் மணலும் வைக்கோல் தூளும் சேர்த்துப் பிசைவார். முதலில் நான்கு கால்கள், உள்ளே பொள்ளலாக. அது இறுகினபின் வயிறு, அப்புறம் கழுத்து, கடைசியில் தலை. நிழலில் காய வைத்துச் சுடுவார். சுட்டு எடுத்தாலும் அது குதிரை கணக்கில்லை. சுண்ணாம்பு வெள்ளை ஒரு பூச்சு, காவியில் சேணமும் பட்டையும், கரியைக் குழைத்துப் பிடரியும் குளம்பும். கண்ணை மட்டும் கோயிலில் வைத்துத் திறப்பார். "கண்ணு வைக்காத வரைக்கும் அது வெறும் பானைடா. கண்ணு வச்சாத்தான் ராவுல ஊரைச் சுத்தக் கிளம்பும்" என்பார். அய்யனாரின் படையும் படைதானே! மூன்றே வர்ணம். மூன்றும் காசில்லாதவன் வீட்டிலும் கிடைக்கும்.

அப்புறம் எங்கள் பக்கமும் ஸ்டாண்டர்ட் ஏறியது. எனாமல் வந்தது. பச்சை, மஞ்சள், ரோஸ் என்று ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரியணும் என்றார்கள். சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும். மேலே எண்ணெய் வர்ணம் மூடியிருந்தால் உள்ளே ஏறின ஈரம் வெளியே வர வழியில்லாமல் வர்ணத்தைத் தோல் தோலாகத் தள்ளிவிடும். இரண்டு மழைக்காலம் போனால் குதிரைக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் செங்கல்லும் சிமெண்ட்டும் வைத்துக் குதிரை கட்ட ஆரம்பித்தார்கள். குதிரைக்கு வர்ணம் நின்றது, எங்கள் வீட்டுக்கு வேலை நின்றது. சித்தப்பா கொத்து வேலைக்குப் போனார். நான் டிப்ளமோவுக்கு வந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், புதுச்சேரிப் பக்கம் தோட்டத்தில் வைக்க மண் குதிரை வாங்க வருகிறவர்கள் "வர்ணம் வேண்டாம், இயற்கையா அப்படியே வேணும்" என்கிறார்கள். சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர் நமக்குப் பக்கம்தான். அவ்வூர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் தாத்தாவுக்கு ஒன்று மட்டும் கடைசிவரை புரியவில்லை. "கண்ணு இல்லாத குதிரையை எதுக்குடா காசு குடுத்து வாங்குறான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊர்க்காரனுக்கு முடியாத வேலை, பட்டணத்துக்காரனுக்கு முடிந்த கலை!

பழசு என்றாலே வர்ணம் இல்லாதது என்று நாமே பழகிவிட்டோம். சீனாவில் 1974-ல் கிணறு தோண்டினபோது கிடைத்த மண் வீரர்களின் படையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான வீரர்கள், எல்லாம் மண் நிறம். உண்மையில் அத்தனை பேருக்கும் அரக்கு பூசி, அதன் மேல் வர்ணம் தீட்டித்தான் 2,200 வருஷத்துக்கு முன்னால் புதைத்தார்கள். தோண்டி எடுத்துக் காற்றுப் பட்டதும் சில நிமிஷத்திலேயே அரக்கு சுருண்டு வர்ணத்தோடு உதிர்ந்தது. நம் பனமலை தாளகிரீசுவரர் கோயிலும் அப்படித்தான். ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 வருஷம் ஆகிறது. வெறும் கல் கோயில் என்று நினைத்து மலையேறுகிறவர்கள், குடையின் கீழ் ஒரு காலை மடித்து ஒயிலாக நிற்கிற பார்வதியைச் சுவரில் பார்த்ததும் வாயடைத்து நிற்பார்கள். சுண்ணாம்புச் சாந்தின் மேல் தீட்டிய ஓவியம். உதிர்ந்தது போக மிச்சம் அது. பல்லவன் கோயிலை வெறும் கல்லாக விட்டுப் போகவில்லை.

ஆக, பூசுவது மரியாதை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு பூசினால் போதும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அங்கேதான் வில்லங்கம். ஸ்டாண்டர்டை ஏற்றுகிறவனுக்கு நேரமும் காசும் இருக்கும். ஏறின ஸ்டாண்டர்டில் முதலில் வெளியே போகிறவன், அந்த இரண்டும் இல்லாதவன். எங்கள் சூளையை அணைத்தது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை; "இன்னும் பளிச்சுன்னு" என்ற ஒரு வார்த்தைதான். 12 மில்லி வெளிநாட்டு வர்ணக் குப்பியை வாங்க முடிகிறவன்தான் மேஜைக்கு வரலாம் என்றால், நம் ஹாஸ்டலில் எத்தனை பேர் மிஞ்சுவோம்?

ஹாஸ்டல் பஞ்சாயத்தில் நான் வைத்த தீர்மானம் இதுதான்: மூணு வர்ணம், அதோடு கண்ணு. இதற்குக் குறைந்து மேஜைக்கு வரக்கூடாது. இதற்கு மேல் வேணும் என்று எவனையும் கேட்கவும் கூடாது. அப்புறம்தான் தெரிந்தது, வெளிநாட்டுப் போட்டிகளிலும் ரொம்ப நாளாகக் குறைந்தபட்சம் மூன்று வர்ணம் என்றுதான் விதி வைத்திருந்தார்களாம். எங்க தாத்தா கணக்கும் அதேதான்!

பெட்டிக்கடைச் சுண்ணாம்பு, கோலத்துக்கு வாங்குகிற காவி, அடுப்புக்கரி. மூன்றையும் தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் குழைத்தோம். செலவு ஒரு டீ காசுக்கு மேல் இல்லை. தேசிங்குக்கு வெள்ளைக் குதிரை, காவிச் சேணம். நவாபுக்குக் காவிக் குதிரை, வெள்ளைச் சேணம். எல்லாவற்றுக்கும் கரியில் பிடரி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில், மெஸ் அண்ணன் உட்பட பதினொரு பேர் உட்கார்ந்து எழுபத்தெட்டையும் முடித்தோம். கண்ணுக்குத் தூரிகை கிடைக்காமல் ஈர்க்குச்சியால் வைத்தோம். கிட்டப் போய்ப் பார்த்தால் பாதிக் குதிரைக்கு மாறுகண். மூணு அடி தள்ளி நின்று பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் படை நிற்கிறது! மீசை வரையணும் என்றவன் தன் பங்கு ஆறு குதிரைக்கு மட்டும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கடிவாளம் வரைந்தான். யாரும் தடுக்கவில்லை. யாரும் தன் குதிரையை ஒளித்துக்கொள்ளவும் இல்லை.

நண்பர்களே, நாளைக்கு நாம் வேலைக்குப் போகிற இடத்தில் நம்மில் யாராவது இன்ஸ்பெக்‌ஷனில் உட்காருவோம், ஓகே ரிஜெக்ட் சீல் நம் கையில் வரும். எது முடிந்தது, எது முடியவில்லை என்று சொல்கிற இடம் அது. கோட்டைப் போடும் முன்னால், இந்தக் கோட்டை எட்ட முடியாமல் வெளியே நிற்கப் போகிறவன் யார் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். கோடு வேண்டும்தான். அதை எல்லோர் கைக்கும் எட்டுகிற உயரத்தில் போடுங்கள். எட்டினபின் எவ்வளவு உயரம் போகிறான் என்பது அவனவன் ஆசை, அவனவன் ராத்திரி!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்