சாவி கைக்கு வந்த பிறகு

எங்கள் மூக்கண்டப்பள்ளியில் காலை ஐந்தரை மணிக்குக் கோழி கூவுகிறதோ இல்லையோ, வண்டிகள் உறுமத் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் ராகியும் அவரையும் விளைந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்திலேயே சிப்காட் வந்தது, தொழிற்சாலைகள் வந்தன. இப்போது ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட ஊர் இது. ஒரு பக்கம் கிருஷ்ணகிரிக்குப் போகும் பெரிய ரோடு. இன்னொரு பக்கம் சில கிலோமீட்டர் போனால் கர்நாடக எல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம். பேச்சுத்தான் வேறே தவிர, எல்லார் வாசலிலும் ஒரு வண்டி நிற்கும். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அது கால் மாதிரி.

இரண்டு சக்கர வண்டி எங்கள் ஊருக்குப் பிறந்த வீட்டு உறவு என்றே சொல்லலாம். இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட்டான டி.வி.எஸ். 50, 1980-ல் ஓசூரிலிருந்துதான் வந்தது. புருஷனும் மனைவியும் சேர்ந்து போக அதுவரை ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ வாங்க வேண்டும். அது எல்லாராலும் ஆகிற காரியமா? கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் தொழிற்சாலையைப் பெண்களை வைத்தே நடத்தப் போவதாக 2021-ல் அறிவித்தார்கள். வண்டியைப் பூட்டி முடுக்குவது பெண்களின் கையால் ஆகும் என்றால், வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு நாலு சொட்டு எண்ணெய் விடுவது மட்டும் ஏன் ஆண்பிள்ளை வேலையாகவே இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடும்படி என் வாழ்க்கையிலேயே ஒரு சந்தர்ப்பம் வந்தது.

என் கணவர் இருபது வருஷமாக ஷிப்டு வேலை பார்ப்பவர். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இடுப்பில் டிஸ்க் நழுவிவிட்டது. "ஆறு மாதத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு 100 சி.சி. மோட்டார் சைக்கிள். பையனைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். கடை கண்ணி, காஸ், ரேஷன் எல்லாம் இருக்கிறது. ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படி ஆகவில்லை. வண்டியை விற்றுவிட்டுக் கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கலாம் என்றால், மேலே போட வேண்டிய பணம் வைத்தியச் செலவிலேயே போய்விட்டது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவர் பேசுவதே குறைந்துவிட்டது. வாசல் திண்ணையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உறை போட்டு மூடிய வண்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். சம்பாதிக்கிற மனுஷன் சும்மா உட்கார்ந்தால் மனசு எப்படி நோகும் என்பது, கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் நானே கேட்டேன். "என்னங்க, எனக்குச் சொல்லிக்கொடுத்தா நான் ஓட்ட மாட்டேனா?"

அவர் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

"பொம்பளைக்கு எதுக்குடியம்மா அம்மாம் பெரிய வண்டி?" என்றார் மாமியார். ஐந்தடி ஒரு அங்குல உயரம் எனக்கு. இரண்டு காலும் முழுசாகத் தரையில் ஊன்றாது. ஆனாலும் எல்.எல்.ஆர். வாங்கி, கொழுந்தனார் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, காலி மனையில் பழகினேன். அப்புறம் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸும் வாங்கினேன்.

சாவி கைக்கு வந்தால் பாடம் முடிந்தது என்று நினைத்தேன். "ஓட்டுறது பாதிதாம்மா. வண்டியைப் பார்த்துக்கறது மீதி" என்றார் அவர். திண்ணையில் உட்கார்ந்தபடியே அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்ததும் எங்களுக்கு இதுதான் வேலை. எனக்குக் கையெல்லாம் கறுப்பு, அவருக்கு முகமெல்லாம் தெளிவு. தம்மிடம் இருக்கிற ஒன்றை இன்னொருவருக்குக் கொடுக்கிறபோது வருகிற தெளிவு அது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதி வேலையை அந்த ஞாயிற்றுக்கிழமைகள் செய்தன என்பது என் அபிப்பிராயம்.

அவரிடம் கற்றுக்கொண்டதை, வண்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். குக்கருக்குக் கேஸ்கட்டும் மிக்ஸிக்குப் பிளேடும் பார்க்கத் தெரிந்த நமக்கு இது ஒன்றும் பிரமாதமில்லை.

முதலில் டயர். வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்சக்கரத்துக்குக் கூடுதலாக வேண்டும். காற்று குறைந்தால் டயர் சூடேறித் தேயும். வளைவில் வண்டி தள்ளாடும். அதிகமானால் கல்லின் மேல் ஓடுவது போல் குலுங்கும். இடுப்பு வலிக்காரர்களுக்கு அதுவே எமன். டயரின் பக்கவாட்டில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேரே, பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். புது டயர் வாங்கும்போது அதில் அச்சடித்திருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்று இருந்தால் 2024-ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பழைய சரக்கைத் தலையில் கட்ட முடியாது.

அடுத்தது செயின். எங்கள் வண்டியில் செயினுக்கு முழு மூடி உண்டு. அதிலுள்ள ரப்பர் அடைப்பைத் திறந்து, விரலால் செயினை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பேன். இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் ஆடினால் சரி. ரொம்பத் தொளதொளவென்று இருந்தால் கழன்று விழும். விறைப்பாக இருந்தால் சீக்கிரம் தேயும். மெயின் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே 90 நம்பர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: என்ஜின் ஓடும்போது செயினைத் துடைக்கவே கூடாது. துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் நான் செயின் பக்கம் போவேன். கியர் இல்லாத ஸ்கூட்டரில் செயின் கிடையாது, உள்ளே பெல்ட் இருக்கும். அதை சர்வீஸில் பார்க்கச் சொன்னால் போதும்.

என்ஜின் ஆயிலை வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, அணைத்துச் சில நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும். குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் குச்சியைத் திருகாமல் வெறுமே வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு எப்படி என்று புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று எப்படித் தெரியும்? இருட்டினதும் சுவருக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்துங்கள். பிரேக்கை அழுத்தினால் சுவரில் சிவப்பு அடிக்கும். கை பிரேக்கு, கால் பிரேக்கு இரண்டுக்கும் தனித்தனியே பாருங்கள். லாரிகள் வரிசையாய் வருகிற எங்கள் ரோட்டில் அந்தச் சின்ன விளக்குத்தான் நம் முதுகுக்குக் காவல். கிளட்ச் கம்பி கைப்பிடிக்குப் பக்கத்தில் நூல் நூலாகப் பிரிந்திருந்தால், அறுந்துபோகும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் எனக்குப் பதினைந்து நிமிஷம் ஆகிறது. ஆயில் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், காற்றடித்த நாள் எல்லாவற்றையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். மெக்கானிக் கடையில் இப்போது என்னிடம் விளக்கமாகப் பேசுகிறார்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவளிடம் அப்படித்தானே பேசுவார்கள்!

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் ஒரு பெண் கைக்குழந்தையோடு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனாள். வண்டி பார்க்க அழகாக இல்லை என்று பின்சக்கரத்துத் தடுப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். புடவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. தெய்வாதீனமாக வண்டி மெதுவாகப் போயிற்று. குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. அவளுக்குக் கை முறிந்தது. மூன்று மாதம் அந்தக் குழந்தையை அவளால் தூக்க முடியவில்லை. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அது நமக்காகவே எழுதிய விதி. கழற்ற விடாதீர்கள்.

நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பெல்ட் வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இந்த விதி 2022-ல் வந்து 2023 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கட்டும், வாரை மாட்டாத ஹெல்மெட் தலையில் கவிழ்த்த சட்டிதான். உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. தாழப் பின்னிக்கொள்ளுங்கள், பூவை டப்பாவில் கொண்டுபோய் அங்கே வைத்துக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் டாக்டரைக் கேட்காமல் வண்டி ஏற வேண்டாம்.

பயமுறுத்தத்தான் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியால் வந்த சந்தோஷமும் கொஞ்சமில்லை. ஆறு மாதம் கழித்து டாக்டர் அனுமதி கொடுத்ததும், அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு விடியற்காலையில் தொரப்பள்ளிக்குப் போனேன். 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். வழியெல்லாம் பனி, ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள், ராகிக் கதிர் சாய்ந்த வயல்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் மெதுவாக இறக்க, "பரவாயில்லை, போ" என்பார்.

ஒரு ஏரிக்கரையில் நிறுத்தினோம். நாரைகள் நின்றுகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருபது வருஷமா இந்தப் பக்கம் வண்டி ஓட்டியிருக்கேன். இந்த ஏரியைப் பார்த்ததே இல்லை. ரோட்டைத்தான் பார்த்தேன்" என்றார்.

அதன் பிறகு கெலவரப்பள்ளி அணைக்கும் ராயக்கோட்டைக்கும் போய் வந்தோம். ராயக்கோட்டை ரோட்டில் சானமாவுக் காடு வரும். ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் கடக்கிற இடம். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவோம். ஆள் நடமாட்டமில்லாத அந்த ரோட்டில் வண்டி நின்றுவிடாது என்ற நம்பிக்கையோடு போகிறேன் என்றால், அது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதினைந்து நிமிஷம் கொடுத்த நம்பிக்கை.

"எதுக்குடியம்மா" என்று கேட்ட மாமியார் இப்போது கண் டாக்டரிடம் போகிற நாளில் எனக்கு முன்னால் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவர் குணமாகி வேலைக்குப் போகிறார், கம்பெனி பஸ்ஸில். பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுபோய் விடுவது நான்தான்.

உங்கள் வீட்டு வண்டியை ஓட்டுவது நீங்களோ, கணவரோ, மகளோ, யாராக இருந்தாலும் சரி. வருகிற ஞாயிறு காலையில் ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வாரம் டயரை மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் செயின். ஒரு மாதத்தில் வண்டி உங்களோடு பேச ஆரம்பித்துவிடும்.