இரைச்சலும் குரலும்

சித்திரைத் திங்களில் மதுரையிலிருந்து அழகர்கோவில் வரை, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வழியெங்கும் ஒலிபெருக்கிகள் முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அழகர் வர்ணிப்புப் பாட்டு கூம்புக் குழாய்களின் வழியே வயல்வெளிகளைக் கடந்து செல்லும். தொலைவில் நிற்போருக்குப் பாட்டின் சொல் எட்டும். உறுமியின் அடித்தொனி எட்டாது. அக்குழாய் தாழ்ந்த ஒலிகளை இயல்பாகவே விட்டுவிட்டு, சொல் வாழும் நடு ஒலிகளை முன்தள்ளுகிறது.

குழாய் தன் அமைப்பால் செய்வதை, நாம் வேண்டும் அளவில் செய்யும் கருவியே ஈக்குவலைசர். சமன் செய்வது என்பது அப்பெயரின் பொருள். நெடுந்தொலைவுத் தொலைபேசிக் கம்பியில் உயர்ந்த அதிர்வெண்கள் மிகுதியாக நலிந்தன. அவற்றை மீண்டும் உயர்த்திப் பேசியவரின் குரலை மீட்கவே பொறியாளர்கள் இவ்வகை அமைப்பைக் கையாண்டனர். இன்றோ, செவி உணரும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான பரப்பை 31 பட்டைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவிகள் உள்ளன.

நம் பாடகர் குழுவில் ஒலிப்பதிவு கற்ற இளைஞர் ஒருவர் உண்டு. அழகர்கோவில் பக்கத்துச் சிற்றூர்க்காரர் ஒருவர் அவரிடம் பழைய ஒலிநாடா ஒன்றைக் கொணர்ந்தார். மறைந்த தந்தையார் பாடிய வர்ணிப்பு அது. அவர் குரலாக அக்குடும்பத்தில் எஞ்சியது அது ஒன்றே. "தம்பி, இந்த இரைச்சலை மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார். நாமும் உடனிருந்தோம்.

இளைஞர் முதலில் 50, 100 ஹெர்ட்ஸ் இடங்களில் மெல்லிய வெட்டுகள் வைத்தார். மின்சாரத்தின் முனகல் நின்றது. அடுத்து 300 ஹெர்ட்ஸ் அருகே சற்றே தாழ்த்தினார். பானைக்குள்ளிருந்து பாடுவது போன்ற மந்தம் விலகியது. பின்னர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவற்றை முழுவதும் இறக்கினார். நாடாவின் சீறல் அடங்கியது. அறையில் அமைதி. மகனாரின் முகம் மட்டும் வாடியது. "இது எங்க அய்யா மாதிரி இல்லையே, தம்பி."

காரணம் எளிது. நாடாவின் சீறலும், சகரத்தின் உரசலும், அடியெடுக்குமுன் இழுக்கும் மூச்சும் ஒரே அதிர்வெண் பரப்பில் குடியிருக்கின்றன. ஈக்குவலைசர் அதிர்வெண்ணை அறியும், ஆளை அறியாது. ஒன்றை விரட்டினால் மற்றதும் உடன் வெளியேறும். களை பிடுங்கப் போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடக் கூடாது என்ற நற்செய்தி உவமை நம் நினைவில் எழுந்தது.

இளைஞர் உயர்ந்த ஒலிகளைப் பாதியளவு திரும்ப விட்டார். இரைச்சல் வந்தது, அதனூடே மூச்சும் வந்தது. பெரியவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "இதே இருக்கட்டும்" என்றார்.

குரலையும் இரைச்சலையும் பிரித்தெடுக்கும் கணினி நிரல்கள் இன்று பெருகிவிட்டன. ஆயினும் எதை நீக்குவது, எதைப் பொறுப்பது என்பதைத் தீர்மானிக்க, பாடியவரை நேசித்த ஒரு செவி வேண்டும். பழுதே இல்லாத ஒலி எளிதில் கிடைக்கலாம். அதில் பாடியவர் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்ப்பது நம் கடமை.