திண்டிவனம் டு விழுப்புரம்: ராணுவ ஜீப்பும் சொட்டும் ஆயிலும்

ஜி.எஸ்.டி. சாலையில் ஆம்னி பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே, எப்போதாவது ஒரு பச்சை நிற ராணுவ ஜீப் இடது ஓரமாக உருண்டு போகும். கார் ஜன்னல்களில் இருந்து குழந்தைகள் கை காட்டுவார்கள். டீக்கடை வாசலில் நின்றுவிட்டு அது கிளம்பிப் போனதும், தரையில் நாலைந்து கறுப்புச் சொட்டுகள் மட்டும் மிச்சமிருக்கும்.

‘பழைய வண்டின்னா சொட்டத்தானே செய்யும்!’ என்பார்கள். அது பாதி உண்மைதான். எந்தச் சொட்டை விட்டுவைக்கலாம், எந்தச் சொட்டு உயிருக்கு உலை வைக்கும் என்று தெரிந்திருந்தால்தான் இந்தப் பயணம் சுகமாக முடியும்.

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை, வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைத் தயாரித்தன. 1947-ல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்களை இந்தியாவிலேயே பூட்டத் தொடங்கியது. பிறகு ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் இருந்து ‘ஜோங்கா’ வந்தது. 2019-ல் தோனி ராஞ்சியில் ஓட்டி வந்தாரே, அதே வண்டிதான். ராணுவம் கழித்துக்கட்டிய இப்படிப்பட்ட வண்டிகள்தான் ஏலம் வழியாக ஆர்வலர்களின் வீட்டு வாசலுக்கு வருகின்றன.

திண்டிவனம்: முதல் நிறுத்தம்

சென்னையில் இருந்து சுமார் 120 கி.மீ. புளியங்காடாக இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். இடப்பக்கம் புதுச்சேரி, வலப்பக்கம் செஞ்சி, திருவண்ணாமலை, நேரே விழுப்புரம் என்று சாலைகள் பிரியும் ஊர். வண்டியை நிழலில் நிறுத்தி பானெட்டைத் திறக்க இதுவே சரியான இடம்.

வில்லிஸ் எஞ்சின் 2.2 லிட்டர், 4 சிலிண்டர், 60 குதிரைசக்தி. அதற்குத் தேவையான ஆயில் சுமார் 4 லிட்டர்தான். அரை லிட்டர் குறைந்தாலே எட்டில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். எஞ்சின் ஆறிய பிறகு, சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ‘எப்படியும் ஒழுகும்’ என்று அளவுக்கு மேல் ஊற்றுவதும் தப்பு. அதுவே கூடுதல் ஒழுகலுக்கு வழி.

இந்த எஞ்சினின் பின்பக்கம் கிராங்க்ஷாஃப்டைச் சுற்றி இருப்பது இன்றைய ரப்பர் சீல் அல்ல, கயிறு போன்ற பேக்கிங். வண்டி வருடக்கணக்கில் ஓடாமல் நின்றால் அது காய்ந்து சுருங்கிவிடும். நம் ஊர் வெயிலில் ஆயில் இளகும்போது அந்த இடுக்கு வழியே இறங்கும். கறுப்பாக, நீர்த்து இருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில்.

கூட்டேரிப்பட்டு: ஹேண்ட்பிரேக்கை நம்பலாமா?

இங்கே இடப்பக்கம் திரும்பினால், சிறு குன்றின்மேல் மயிலம் முருகன் கோயில். தரிசனத்துக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள ஆயில் சீல் போனால், கசிவு நேராக ஹேண்ட்பிரேக்கை நனைக்கும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் சரிவில் வண்டி நகரும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் படியேற வேண்டும்.

விக்கிரவாண்டி: டோல்கேட் வரிசை

முன்னால் பேருந்து, பின்னால் கன்டெய்னர். இங்கேதான் பிரேக்கின் அருமை தெரியும். பின் ஆக்ஸில் சீல் கசிந்தால், கியர் ஆயில் பிரேக் ஷூவில் இறங்கிவிடும். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தாலோ, பிரேக் ஒரு பக்கம் இழுத்தாலோ, வண்டியை அங்கேயே ஓரங்கட்ட வேண்டும். ‘விழுப்புரம் போய் பார்த்துக்கலாம்’ என்று கிளம்பக் கூடாது.

விழுப்புரம்: வைத்தியம்

ஐந்து திசைகளுக்கு ரயில் பிரியும் ஜங்ஷன் ஊர். இங்கே ராத்திரி தங்கினால், வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைக்கலாம். எந்த இடத்தில் எத்தனை சொட்டு என்று காலையில் தாளே சொல்லிவிடும். இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமா? சந்தேகமான இடத்தை நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும். ஆயில் வந்த வழி கோடாகத் தெரியும்.

சீலை மாற்றும் முன் ஆக்ஸில் பிரீதரைப் பார்க்க வேண்டும். அந்தச் சின்ன மூச்சுத்துளை மண் அடைத்திருந்தால், உள்ளே சூட்டில் அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். துளையைச் சுத்தம் செய்தாலே பல ஒழுகல்கள் நிற்கும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய சீலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோக வேண்டும். வில்லிஸ் அளவுகள் அங்குலக் கணக்கு. ‘கிட்டத்தட்ட சரியா இருக்கு’ என்று தரும் மில்லிமீட்டர் சீல் நிற்காது. ஷாஃப்டை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பதும் அவசியம். பழைய சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தால், புது சீலும் ஒரு வாரத்தில் கசியும். சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்தலாம். இல்லையென்றால் ஷாஃப்டுக்கு ஸ்லீவ் போட வேண்டும்.

கயிறு பேக்கிங்கை மாற்றுவது பெரிய வேலை. ஒரு ராத்திரிக்கு நாலைந்து சொட்டுதான் என்றால், டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். பிரேக்கை நனைக்கும் சொட்டு ஒன்றே ஒன்று என்றாலும், அதை நிறுத்திய பிறகுதான் சாவியைப் போட வேண்டும்.