நான் செய்த மின்பகுப்புக் கலம்

"தண்ணீரை இரண்டாகப் பிரித்துக் காட்டப் போகிறேன்" என்று நான் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அறிவியல் கண்காட்சிக்கு ஆளுக்கொரு பொருள் செய்துவர வேண்டும் என்று சிஸ்டர் அறிவித்திருந்த நேரம் அது. தோழியர் பலரும் எரிமலை, காற்றாலை என்று பெயர் கொடுத்தார்கள். எனக்கோ மின்னாற்பகுப்பின்மேல் ஆசை. 1800-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர், வெள்ளி நாணயங்களையும் துத்தநாகத் தகடுகளையும் அடுக்கி மின்சாரம் உண்டாக்கித் தண்ணீரைப் பிரித்துவிட்டார்களாம். டார்ச் பாட்டரி கையில் இருக்கும் என்னால் முடியாதா?

தீர்ந்துபோன இரண்டு பாட்டரிகளை உடைத்துக் கரித்தண்டுகளை எடுத்தேன். கையெல்லாம் மை. அம்மாவிடம் வாங்கிய திட்டைப் பற்றி எழுதப் போனால் பக்கம் போதாது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலின் மூடியில் ஆணியைக் காய்ச்சி இரண்டு துளைகள் இட்டு, தண்டுகளைச் செருகி, மெழுகால் அடைத்தேன். அதைப் பார்த்த அண்ணன், "உள்ளே உண்டாகிற வாயு எந்த வழியாய்ப் போகும், உன் மூக்கு வழியாகவா?" என்று கேட்டான். கேலியாகச் சொன்னாலும் அவன் சொன்னது சரி. அடைத்த பாட்டிலில் வாயு சேர்ந்தால் மூடி தெறிக்கும். ஆகவே மூன்றாவது துளை இட்டு, மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயைப் பொருத்தினேன். குழாய் ஜன்னலின் பாதி உயரம்வரைதான் எட்டியது. ஹைட்ரஜன்தான் எல்லா வாயுக்களிலும் லேசானதாயிற்றே, மீதித் தூரத்தை அதுவே ஏறிவிடும் என்று ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன்.

வெறும் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயாது. சலவைச் சோடா கலக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். வீட்டில் சலவைச் சோடா இல்லை. உப்பு இருந்தது. தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு உப்புக்கா பஞ்சம்! இரண்டு கை அள்ளிப் போட்டேன். ஆறு பாட்டரிகளை இணைத்ததும் தண்டுகளிலிருந்து குமிழ்கள் பொங்கிய அழகை என்னவென்று சொல்வேன்! அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கலத்தை நிறுத்தவில்லை.

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் ஆச்சி பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

நான்காவது குடத்தோடு திரும்பியபோது வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. ஆச்சி எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பிடித்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள். ஆச்சிக்கு இழுப்பு உண்டு. "ஏட்டி... என்னத்தட்டி வச்ச?" என்று கேட்கக்கூட முழு மூச்சு வரவில்லை. அம்மாவும் நானும் தாங்கிப் பிடித்துத் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். அண்ணன் கம்பிகளைப் பிடுங்கி எறிந்தான். ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை பிடிக்கச் செய்தார்கள். இரவு எட்டு மணிக்குத்தான் இழுப்பு அடங்கியது. அதுவரை நான் ஜெபமாலையை எத்தனை முறை உருட்டினேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால், என் நீலப் பாவாடையில் அந்தத் தண்ணீர் தெறித்த இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

மறுநாள் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ, "உங்கள் ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்தது?" என்று கேட்டார்கள். வடக்கு என்றேன். "இயேசுவே!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

பிறகுதான் விளங்கியது. உப்பு நீரில் மின்சாரம் பாய்ந்தால் எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வரும். நேர்மின்வாயிலோ ஆக்சிஜனுக்குப் பதிலாகக் குளோரின்தான் பெரும்பாலும் வரும். எங்கள் பக்கத்துச் சாகுபுரத்தில் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது இந்த முறையில்தானாம். ஆனால் அங்கே இரண்டு வாயுக்களையும் கலக்க விடாமல் தனித்தனியே கொண்டுபோவார்கள். நான் இரண்டையும் ஒரே பாட்டிலில் சேர்த்து வைத்தேன். ஹைட்ரஜனும் குளோரினும் கலந்த கலவை நேர் வெயில் பட்டாலே வெடிக்கக் கூடியது! குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாது, இறங்கித் தரையில் தவழும். 1915-இல் பெல்ஜியத்தில் ஈப்ர் நகரருகே போர்வீரர்கள்மேல் குளோரினை ஏவியபோது அது பதுங்கு குழிகளுக்குள் இறங்கியது என்று சிஸ்டர் சொன்னார்கள். எனக்கு ஆச்சியின் பாய்தான் கண்முன் வந்தது.

இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்திருந்தேன். சிஸ்டர் விடவில்லை. ஆய்வுக்கூடத்து வராந்தாவில், நான்கு பக்கமும் காற்று வரும் இடத்தில், மூடியே இல்லாத தொட்டியில் என்னை மறுபடி செய்யச் சொன்னார்கள். சலவைச் சோடாவை அவர்களே கொண்டுவந்து தந்தார்கள். நான்கே பாட்டரிகள். ஒவ்வொரு தண்டின்மேலும் நீர் நிரப்பிய சோதனைக்குழாய் ஒன்றைக் கவிழ்த்தோம். ஒரு குழாயில் சேர்ந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு மற்றொன்றில் சேர்ந்தது. ஆக்சிஜன் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தது. அது கரித்தண்டையே கொஞ்சம் அரித்துவிடுகிறது. தண்ணீர் கறுத்ததும் அதனால்தான். குழாய் நிரம்பினால் மிகுதி வாயு விளிம்பு வழியே குமிழாக வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்குமாதலால், அது எங்கும் தங்கக் கூடாது. தீக்குச்சி கொளுத்தும் வேலையைச் சிஸ்டர் தாமே வைத்துக்கொண்டார்கள். சிறு குழாய் ஹைட்ரஜன் 'பப்' என்று வெடித்தபோது நான் இரண்டடி பின்னால் தாவினேன்.

கண்காட்சியன்று ஆச்சி வந்தார்கள். வரவேண்டாம் என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என் மேசைக்குப் பத்தடி தள்ளியே நின்றார்கள். நான் மனப்பாடம் செய்திருந்ததையெல்லாம் ஒப்பித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்கள்:

"ஏட்டி, இது மேல போற வாயுவா, கீழ வர்ற வாயுவா?"

"மேலே போறது, ஆச்சி."

முந்தானையை எடுத்துவிட்டு மேசையருகே வந்தார்கள்.