கண் கொடுத்துப் பேசுங்கள்

திருமலைக்கு வியாழக்கிழமையாகப் பார்த்து வருகிறவர்கள் உண்டு. மற்ற நாட்களில் பெருமாளின் கண்களைப் பச்சைக் கற்பூரத் திருநாமம் பெரும்பாலும் மறைத்திருக்கும். வியாழன் காலையில் நகைகளைக் களைந்து நாமத்தையும் ஒடுக்கிச் சாற்றுவார்கள். அன்று கண் தெரியும். நேத்ர தரிசனம் என்பார்கள். சாயங்காலம் பூலங்கி சேவை, மறுநாள் அபிஷேகம். அது முடிந்ததும் நாமம் பழையபடி அகலமாகிவிடும். ஏன் மறைக்கிறார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “அந்தப் பார்வையை நம்மால தாங்க முடியாதுடா கண்ணு” என்பாள் பாட்டி. ஒரு பார்வைக்கு அவ்வளவு பலம் உண்டு என்று எனக்கு முதலில் தெரிந்தது அப்படித்தான்.

சித்தூரில் தமிழ் வாத்தியாராக வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு திருப்பதியில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களை மலைக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. வைகுண்டம் காம்ப்ளெக்ஸில் ராத்திரி முழுக்கக் காத்திருப்பார்கள். பங்காரு வாகிலி என்ற தங்க வாசலைத் தாண்டும்போது உடம்பு நடுங்கும், கண்ணில் நீர் முட்டும். “ஜரகண்டி, ஜரகண்டி” என்ற குரல் காதில் விழும்போதே இரண்டு கையும் கூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். திறப்பதற்குள் தோளைப் பிடித்து நகர்த்தியிருப்பார்கள். வெளியே வந்து, “சரியாவே பார்க்கலையே மாமா” என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் கீழே அலிபிரியிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டுதலை வரிசையில் நிற்கும்போதே சொல்லி முடியுங்கள், உள்ளே போனால் கண்ணைத் திறந்து வையுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

அங்கே கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. அது குறைவு என்று எல்லோரும் வருந்துகிறோம். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த சுமார் 500 பேரிடம் செய்த ஒரு சோதனை 2016-ல் வெளியானது. 56 நாட்டுக்காரர்கள் அதில் இருந்தார்கள். திரையில் ஒருவர் நேராக நம்மைப் பார்க்கிறார். எவ்வளவு நேரம் பார்த்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது, எப்போது சங்கடமாகிறது என்று கேட்டார்கள். சராசரியாக மூன்று விநாடிக்குக் கொஞ்சம் மேலே என்று கணக்கு வந்தது. மனுஷனுக்கு மனுஷன் பார்க்கவும் அவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. அந்த மூன்று விநாடியைக்கூட நாம் யாருக்குக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்காமல் விடுகிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த வயதில் அதிகமாக யோசிக்கிறேன்.

எப்படிப் பேசுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். எப்படிப் பார்ப்பது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. அதட்டலில்தான் அந்தப் பாடம் நடக்கிறது. “பெரியவங்க பேசும்போது என்ன முறைப்பு?” என்று வீட்டில் ஒரு அதட்டல். “கேள்வி கேட்டா என் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லு” என்று பள்ளிக்கூடத்தில் இன்னொன்று. சித்தூர் 1911-ல் வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்துச் சேர்த்த ஜில்லா. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசுவார்கள். பாஷை எதுவானாலும் இந்த வளர்ப்பு ஒன்றுதான். அப்பா முன்னால், மாமனார் முன்னால், ஊர்ப் பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்து. அப்படி வளர்ந்த பையன் வாத்தியார் முன்னால் தலைகுனிந்து நின்றால், திருடிவிட்டான், அதான் பார்க்க மாட்டேன் என்கிறான் என்று சில ஆசிரியர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். குனிந்த தலையில் மரியாதை இருக்கும், பயம் இருக்கும், அழுகையை அடக்குவதும் இருக்கும். குற்றமும் இருக்கலாம்தான். பார்த்த மாத்திரத்தில் அது எது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் நோட்டைப் பார்த்தபடியே நாமும் பேசினால் இரண்டு நிமிஷத்தில் தானே நிமிர்ந்து பார்ப்பான். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு நேர்ப்பார்வையே வேதனை. அவர்களை “இங்கே பாரு, இங்கே பாரு” என்று தாடையைப் பிடித்துத் திருப்புவது கொடுமை. அந்தக் குழந்தை எங்கேயோ பார்த்துக்கொண்டே நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதே பையன் இன்ஜினீயரிங் முடித்து பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ இன்டர்வியூவுக்குப் போகிறான். அங்கே கண்ணைத் தாழ்த்தினால் தன்னம்பிக்கை இல்லாதவன் என்று எழுதிவிடுகிறார்கள். என் பழைய மாணவர்களின் பிள்ளைகள் இதைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. நான் அவர்களுக்குச் சொல்வது, பேச்சிலேயே பார்வைக்கு ஒரு போக்குவரத்து உண்டு என்பதைத்தான். ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் 1967-லேயே இதைப் படமெடுத்துப் பார்த்து எழுதினார். நீளமாகப் பேச ஆரம்பிக்கிறவர் முதலில் பார்வையை விலக்கிக்கொள்கிறார். யோசிக்க அந்த இடைவெளி வேண்டும். பேச்சை முடிக்கும்போது கேட்பவரை நேராகப் பார்க்கிறார். இனி உங்கள் முறை என்று அர்த்தம். அதனால் முழுநேரமும் வெறித்துப் பார்க்கத் தேவையில்லை தம்பி, யோசிக்கும்போது மேஜையைப் பார், பதிலை முடிக்கும்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார், அது போதும் என்பேன். வீட்டில் அப்பா முன்னால் எப்போதும்போல இருக்கட்டும். இரண்டு இடத்துக்கு இரண்டு மரியாதை.

பார்வையைப் படிப்பதை நான் கற்றது மாட்டுச் சந்தையில். என் தாய்மாமன் உழவுமாடு வாங்க வந்தால் என்னையும் அழைத்துப்போவார். விலை பேசுகிற சத்தமே கேட்காது. தரகரும் வாங்குகிறவரும் வலது கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரல் பேசும். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை என்று கணக்கு. வாய் மழையைப் பற்றியும் வைக்கோலைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியக் கூடாது. கையை மூடிவிடலாம், வாயை மாற்றிப் பேசலாம், கண்ணை என்ன செய்வது? அதனால் மாமா தனக்குப் பிடித்த மாட்டை நேராகப் பார்க்கவே மாட்டார். அதற்குப் பக்கத்தில் கட்டியிருக்கிற மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், திமிலைத் தடவுவார். தான் வாங்கப்போகிற மாட்டை, தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி கடந்துபோகும்போது ஒரு தரம் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான்.

ஒரு நாள் ஒரு பெண்மணி கறவைமாடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவருடைய தம்பி துண்டுக்குள் மாமாவோடு பேரம் பேசினார். விலை படிந்துவிட்டது, தரகர் தலையாட்டினார். அந்த அம்மா கயிற்றைப் பிடித்தபடி மாட்டின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவரிடம் மெதுவாக, “கன்னு எங்கம்மா?” என்றார். “வீட்டுல இருக்குங்க” என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா விரலை விட்டுவிட்டார். “அப்புறம் பார்க்கலாம்” என்று நடந்துவிட்டார். வழியில் நான் கேட்டதற்கு, “கன்னையும் சேர்த்து வாங்க என்கிட்டப் பணம் இல்லடா. அந்தம்மா அதை விக்கவும் மாட்டாங்க. நான் வாங்கியிருந்தா அந்தப் பாலு நமக்கு ஒட்டாது” என்றார். தரகரும் அந்தத் தம்பியும் அதே இடத்தில்தான் நின்றிருந்தார்கள். அவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் கவனித்தார்களே தவிர, அந்த அம்மாவின் கண்ணைக் கவனிக்கவில்லை.

சொல்லாததைக் கண்ணில் படிக்கிற இந்தக் கலைக்கு வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். ஒன்று பொருட்பாலில், அரசனிடம் பணி செய்கிறவர்களுக்கு. மற்றது காமத்துப்பாலில், காதலர்களுக்கு. நான் பாடம் நடத்தும்போது இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்துவேன். பரீட்சைக்கு முதலாவது போதும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். இரண்டும் தெரியாமல் வாழ முடியாது என்பது என் முடிவு.

ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சித்தூர் திருப்பதி பஸ்ஸில் காலை நேரத்தில் காலேஜுக்குப் போகிற பெண்கள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவார்கள். வெளியே பார்க்க ஒன்றுமில்லாத இடத்திலும் வெளியேதான் பார்ப்பார்கள். எதிரே நிற்கிறவன் விடாமல் பார்க்கிறான், தங்கள் கண் அவன் கண்ணில் தப்பித் தவறிப் பட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான் என்ற பயம். அந்தப் பெண்களுக்கும் ஏழுமலையைப் பார்க்க ஆசையிருக்கும், பக்கத்துப் பாட்டியோடு சிரிக்க ஆசையிருக்கும். அவன் ஒருத்தனின் பார்வை அவர்களுடைய ஒரு மணி நேரத்தைத் திருடிக்கொள்கிறது. தொடவில்லையே, பார்க்கத்தானே செய்தேன் என்கிற பேச்சை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. பார்வையை விலக்கிக்கொள்வதும் ஒரு மரியாதை. அடுத்த வீட்டில் சண்டை நடக்கும்போது, ஒருவர் கடன் கேட்டுத் தயங்கி நிற்கும்போது, பெண் ஒருத்தி சேலையைச் சரிசெய்துகொள்ளும்போது கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொள்கிறவர்தான் நாகரிகம் தெரிந்தவர்.

காளத்தி இங்கிருந்து பக்கம். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் கோயில், அதற்கு மேலே கண்ணப்பர் மலை. கண்ணப்பரான திண்ணன் தன் கண்ணைப் பிடுங்கி லிங்கத்தில் அப்பிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆகமம் கற்ற சிவகோசரியார் தினமும் அந்த லிங்கத்தைப் பூஜித்தவர். திண்ணனோ வேட்டைக்காரன், மந்திரம் தெரியாதவன். ஆனால் அந்தக் கல்லை, பசிக்கும், வலிக்கும், தனியாக இருந்தால் பயமாக இருக்கும் என்று நம்பிப் பார்த்தவன். ராத்திரியெல்லாம் வில்லோடு காவல் நின்றவன். லிங்கத்தின் வலது கண்ணில் ரத்தம் கண்டதும் அவனுக்குப் பச்சிலை தேடி ஓடத் தோன்றியது. அது பலிக்காமல் போன பிறகுதான் தன் கண்ணைக் கொடுத்தான். சிவகோசரியாரை மறைந்து நின்று பார்க்கும்படி கடவுளே சொன்னதாகப் பெரிய புராணம் சொல்கிறது. ஒருவன் எப்படிப் பார்க்கிறான் என்பதை இன்னொருவர் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அப்படி வைத்தார் என்று எனக்குத் தோன்றும்.

திருப்பதியில் தேவஸ்தானம் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்துகிறது. சைகையில் பேசுகிற பிள்ளைகளை எங்கே கண்டாலும் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட முடியாது. தோளை மெல்லத் தட்ட வேண்டும், கையை வீச வேண்டும், அறையில் என்றால் விளக்கை அணைத்துப் போட வேண்டும். கண் கிடைத்த பிறகுதான் பேச்சு. எதிராளியின் கையைவிட முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். புருவம் உயர்ந்தால் கேள்வி. நடுவில் ஒருவர் வேறு பக்கம் திரும்பினால் அங்கேயே பேச்சு நின்றுவிடும், ஏனென்றால் கேட்க ஆளில்லை. வேறு வேலை செய்துகொண்டே “ம், சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

காது கேட்கிற நாம் அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதுவும் வயதானவர்களிடம். இதற்கு நேர்மாறாக, திருமலையில் முடி காணிக்கை கொடுக்கிற கல்யாணகட்டாவில் ஒரு காட்சி பார்த்தேன். ஏழெட்டு வயதுப் பெண்குழந்தை, மொட்டையானதும் குனிந்தபடியே அழுதது. மழிக்கும் வேலை செய்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் தாடையைத் தூக்கி, கண்ணைப் பார்த்துச் சிரித்தார். குழந்தையும் சிரித்துவிட்டது. பின்னால் வரிசை நின்றிருந்தது. அந்த அம்மாவுக்கு அதற்கும் நேரம் இருந்தது.

இதை ஆஸ்பத்திரிகளிலும் பேங்குகளிலும் எதிர்பார்க்கிறேன். எண்பது வயதுத் தாயாரை மகன் அழைத்துப்போகிறான். உடம்பு அந்த அம்மாவுடையது, வலி அந்த அம்மாவுடையது. டாக்டர் மகனைப் பார்த்து, “இவங்களுக்குத் தூக்கம் வருதா? மாத்திரை சாப்பிடறாங்களா?” என்று கேட்கிறார். மகன் பதில் சொல்கிறான். அந்த அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். எனக்கே இப்படி நடந்திருக்கிறது. நான் எழுதக் கற்றுக்கொடுத்த மாணவர்களின் வயதுள்ள ஒரு டாக்டர், என் ரத்த அழுத்தத்தை என் மருமகளிடம் விசாரித்தார்.

பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தரம் அம்மாவையோ அப்பாவையோ டாக்டரிடம் அழைத்துப்போனால், அவர்கள் நாற்காலிக்கு முன்னால் நிற்காதீர்கள். ஓரடி பின்னால் தள்ளி நில்லுங்கள். டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டால், பதில் சொல்லாமல் அம்மாவைத் திரும்பிப் பாருங்கள். டாக்டரின் கண்ணும் உங்கள் கண் போகிற இடத்துக்குத் தானாகப் போகும். காது மந்தமாக இருந்தாலும், ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று அம்மாவே சொல்லுவார்.